பெரியப்பாவைத் தேடி வந்த வெள்ளைக்காரர்

நான் பிறவிக் கவலைக்காரி. மழை பெய்தால் மற்ற பிள்ளைகள் நனையப் போவார்கள். நான் எங்கள் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் இருக்கும் மேடு சரியுமா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். வீட்டில் யாராவது குரலைத் தாழ்த்தினால் போதும், என் காது நீண்டுவிடும். அதனால் பதினொரு வயதிலேயே எங்கள் குடும்பத்து ரகசியம் எனக்கு அத்துப்படி. தெரியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதுதான் பெரும்பாடாக இருந்தது.

ரகசியம் இதுதான். அப்பாவைப் பெற்ற தாத்தா சேலத்திலிருந்து கைக்குழந்தையாகக் கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர், தாய் தகப்பன் இறந்துபோய்க் கங்காணி வீட்டில் வளர்ந்தவர் என்பது ஊருக்குச் சொன்ன கதை. உண்மையில் அவர் சேலத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார் என்று அம்மா ஒரு நாள் அப்பாவிடம் முணுமுணுத்தாள். ரிங்லெட் ஊருக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில்தான் பிறந்தாராம். தாய் கொழுந்து பறித்தவள். தகப்பன் அந்தக் காலத்துச் சின்னத் துரை, அதாவது உதவி மேனேஜர், வெள்ளைக்காரர். தாத்தாவை நான் பார்த்ததில்லை. அவருடைய சாம்பல் நிறக் கண்ணை மட்டும் பார்த்திருக்கிறேன். அது அப்படியே அத்தைக்கு வந்திருந்தது.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. தோட்டத்துத் தேநீர்க் கடையில் சுற்றுலா வருகிறவர்களுக்குத் தேநீரும் கேக்கும் கொடுக்கிற வேலை. வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு சம்பந்தம் பேசி, இரண்டுமே அந்தக் கண்ணால் தட்டிப்போனது. பெண் லட்சணமாகத்தான் இருக்கிறாள், கண் யார் வழியில் வந்தது என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. மூன்றாவதாக வந்தது பக்கத்து ஊரான திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருந்த குடும்பம். மாப்பிள்ளைக்கு அத்தையைப் பிடித்துவிட்டது. அவருடைய அம்மாதான் எங்கள் பங்காளிகள் யார், எந்த ஊர் என்று நோண்டி நோண்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். முதல் தடவை வந்தபோது காப்பியோடு எழுந்துவிட்டார்கள். பெண் வீட்டில் சோறு சாப்பிட்டுக் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். சாப்பிட அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லியிருந்தவர்கள், இந்த ஞாயிறே வருகிறோம் என்று வெள்ளிக்கிழமை போன் செய்தார்கள். வீடு அல்லோலகல்லோலப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு லயத்து வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. அதற்குள் வந்துவிட்டார்களா என்று அம்மா ஈரக்கையோடு ஓடி வந்தாள். வந்தது டாக்சி. இறங்கியது ஒரு வெள்ளைக்காரர். அப்பாவைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். கையில் தடியான ஒரு பைல். மழைக்குப் பயந்து அதைச் சட்டைக்குள் செருகி வைத்திருந்தார்.

வீட்டில் ஆங்கிலம் என்றால் நான்தான். தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலக் கவிதை ஒப்புவித்துப் பரிசு வாங்கியவள் என்பதால், உலகத்தில் உள்ள எல்லா ஆங்கிலமும் எனக்குத் தெரியும் என்று அப்பா நம்பினார். என்னை நடுவில் நிற்க வைத்து, “என்னா வேணுமாம், கேளு லா,” என்றார்.

அவர் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். பைலைப் பிரித்துக் காட்டினார். அவர் ஊர்ச் சின்னக் கிறிஸ்தவக் கோயிலின் பதிவேட்டுப் பக்கங்களை நகல் எடுத்து வைத்திருந்தார். அந்த ஊரில் பிறக்கிற பிள்ளைக்கு ஞானஸ்நானம், பிறகு கல்யாணம், பிறகு அடக்கம், மூன்றையும் பாதிரியார் தன் கையால் எழுதிவைப்பாராம். அந்தப் பக்கத்தில் சாய்ந்த கையெழுத்தில் ஒரு வரி. பிள்ளையின் பெயர் ஹென்றி. தகப்பன் தொழில், தேயிலைத் தோட்டம். இருப்பிடம், பகாங், மலாயா. தாயின் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் பொன்னம்மா என்ற ஒரே சொல்.

தகப்பன் லீவில் போனபோது மூன்று வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போயிருக்கிறார். அங்கே ஞானஸ்நானம் ஆனது, பிறகு பிள்ளையோடு மலாயாவுக்கே திரும்பிவிட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பெயர் கல்யாணப் பதிவில் இல்லை, அடக்கப் பதிவில் இல்லை, சுற்றியிருக்கும் ஊர்க் கோயில்களின் ஏடுகளிலும் இல்லை. இத்தனை வருஷமும் லீவு கிடைக்கும்போதெல்லாம் ஏடு ஏடாகப் புரட்டினேன் என்றார். அந்தப் பிள்ளை தன் அப்பாவுக்கு அண்ணன் என்றும் சொன்னார்.

நான் அப்பாவிடம் திரும்பி, “அவங்க பெரியப்பாவத் தேடி வந்திருக்காராம்,” என்றேன்.

சொல்லி முடிக்கும்போதே அந்தப் பெயர் எனக்கு உறைத்தது. சாமி மேடையில் திருநீறு வைக்கிற சின்ன வெள்ளிக் கோப்பை ஒன்று உண்டு. ஒரு பக்கம் கைப்பிடி. தாத்தா பந்து விளையாடி ஜெயித்தது என்று அம்மா சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டு அதைத் தேய்க்கிறவள் நான். அதில் சுழித்துச் சுழித்து வெட்டியிருந்த எழுத்துகளை விரலாலேயே படித்தவள். அது ஹென்றி.

சாமி மேடை அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேர் பின்னால் இருந்தது. கழுத்தைத் திருப்பினால் போதும். நான் நைசாக நகர்ந்துபோய் மேடைக்கு முன்னால் நின்றுகொண்டேன். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றதைப் பார்த்த அம்மா, “கக்கூசுக்குப் போவணும்னா போயேன் லா,” என்று வைதாள்.

யார் இந்த வீட்டைக் காட்டியது என்று அப்பா கேட்கச் சொன்னார். பெயர் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி அவர் சிரித்தார். சிரித்துவிட்டு உள் அறைக் கதவைப் பார்த்தார். அந்த அறையில்தான் அத்தை பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வந்து அழைக்கும்வரை பெண் வெளியே தலைகாட்டக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

அப்பா நகலைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். அவருக்கு அது படிக்கத் தெரியாது. பிறகு நகலைத் திருப்பிக் கொடுத்தார். “அந்த மாதிரி ஆளு யாரும் இங்க இல்லன்னு சொல்லிடு. எங்கப்பா சேலம்.” சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். திரிங்காப்பிலிருந்து கிளம்பியிருப்பார்கள். எங்கள் தோட்டத்துச் சாலையில் ஒரு வண்டிதான் போகலாம். எதிரே டாக்சி வந்தால் யாராவது பின்னால் போக வேண்டும், அப்போது எல்லாரும் எல்லார் முகத்தையும் பார்ப்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை.

உள் அறைக் கதவு ஒரு சாண் திறந்து வளையல் கை என்னைக் கூப்பிட்டது. போனேன். வெளியே என்ன நடக்கிறது என்று அத்தை கேட்பாள் என நினைத்தேன். கேட்கவில்லை. என் காதில் வாயை வைத்து, “அவர சாப்பிட்டுட்டுப் போவச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு,” என்றாள்.

அத்தைக்குப் பயத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். திரிங்காப்புக்காரர்கள் வாசலில் கால் வைக்கிற நேரத்தில், அதே கண்ணோடு ஒரு வெள்ளைக்காரர் இலையில் சோறு தின்றுகொண்டிருந்தால் என்ன ஆகும்? ஆமாம், அவருக்கும் அதே சாம்பல் கண். அதை நான் அப்போதுதான் கவனித்திருந்தேன்.

வெளியே வந்தேன். அவர் காதருகே போய், இங்கே அப்படி யாரும் இல்லை, மன்னிக்கவும் என்று ஆங்கிலத்தில் கத்தினேன். அவர் நிச்சயமாகவா என்று கேட்டார். நிச்சயமாக என்றேன். அவர் மறுபடியும் உள் அறைக் கதவைப் பார்த்தார். அடக்கமாவது தெரியுமா, ஒரு கல், ஒரு பெயர், எதுவாக இருந்தாலும் போதும் என்றார். லயத்துக்குக் கீழே தேயிலைச் சரிவு முடிகிற இடத்தில், செவ்வந்தி நட்ட தாத்தாவின் சமாதிக்கு நான் பொங்கல்தோறும் தண்ணீர் ஊற்றுகிறேன். தெரியாது என்றேன். அவர் பைலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, அப்பாவைக் கும்பிட்டுவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

அத்தையிடம் போய், “சொன்னேன் அத்தை. சாப்பாடு வேணாம்னுட்டாரு,” என்றேன். அவள் கண் மை கலைந்ததைப் பார்த்து, அம்மா திட்டப் போகிறாளே என்று நான் துண்டு எடுக்க ஓடினேன்.

டாக்சி போய்க் கால் மணி நேரத்தில் திரிங்காப்புக்காரர்களின் பூ ஏற்றும் லேண்ட்ரோவர் வந்துவிட்டது. வழியில் யாரோ வெள்ளைக்காரரைப் பார்த்தோமே என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். தோட்டம் சுற்றிப் பார்க்க வந்தவர் என்றார் அப்பா. கோப்பையை அதற்குள் எழுத்து தெரியாதபடி சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். அந்த அம்மாள் அதிலிருந்தே திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டு இலையில் உட்கார்ந்தார். சோற்றில் கை வைக்கும்வரை நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரசத்துக்கு மறுசோறு கேட்டதும், அத்தையின் கல்யாணத்தை நடத்திவைத்தது நான்தான் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

அந்தப் பெருமை பல வருஷம் இருந்தது. போன மாதம் திரிங்காப்பில் அத்தையோடு உட்கார்ந்து பூக்களுக்குக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தேன். அவளுடைய மாமியார் காலமாகி ஒரு வருஷம் முடிந்திருந்தது. அந்தத் தைரியமாக இருக்கலாம். “அன்னிக்கு வந்த வெள்ளக்காரர ஞாபகம் இருக்கா? நாந்தான் வரச் சொன்னேன்,” என்றாள்.

தேநீர்க் கடையில் அவர் மேசை மேசையாக நகலை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாராம். பெயரைப் பார்த்ததும் அது சாமி மேடைக் கோப்பையில் இருக்கும் பெயர்தான் என்று அத்தைக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், சாப்பாடு எங்களோடு, மற்றதை என் அண்ணன் சொல்வார், நான் அனுப்பியதாக மட்டும் சொல்லாதீர்கள் என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை திரிங்காப்பிலிருந்து போன் வந்த பிறகு அவரை நிறுத்த வழி தெரியவில்லை. அவர் எங்கே தங்கியிருந்தார் என்றும் தெரியாது. இரண்டு இரவு தூங்காமல் யோசித்து, வரட்டும், எனக்கு அண்ணன் முறை, சபையில் உட்காரட்டும், இந்தச் சம்பந்தம் போனால் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டாளாம்.

“சோத்தக் கையில எப்படிப் பெசையறதுன்னு கடையிலயே கேட்டாரு. ஒரு கேக்குத் துண்ட உதுத்து வச்சுச் சொல்லிக் குடுத்தேன். அஞ்சு வெரலையும் கூட்டிக் கூட்டிப் பழகுனாரு, பாவம். அவ்ளோ ஆசையா வந்தவரு ஏன் வேணாம்னு போனாரு? நம்ம வீட்டுச் சோறு அவ்ளோ எளக்காரமா?”

பூவைப் பார்த்தபடியே கேட்டாள். இத்தனை வருஷமும் மனத்துக்குள் அவரைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அன்று எங்கள் வீட்டு வாசலுக்கு உறவாக வந்தவர்கள் இரண்டு பேர் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. நான் ஒருத்தருக்கு இலை போட வேண்டுமென்று இன்னொருத்தரை மழையில் அனுப்பியிருந்தேன். முறைப்படி அவர் எனக்கும் பெரியப்பா.

“அவரு வேணாம்னு சொல்லல அத்தை,” என்றேன். “நான் கேக்கவே இல்ல.”