நாற்பத்தைந்து லிட்டர் பெட்டி

ஸ்பீக்கர் பெட்டி செய்யும் அந்தத் தச்சரைக் கடையில் எல்லோரும் ‘லிட்டர்’ என்றே கூப்பிட்டார்கள். டேப்பால் அளந்து பெருக்கிப் பார்ப்பதோடு அவர் விடமாட்டார். உள்ளே இருக்கும் குறுக்குக் கட்டையும் காற்றுக் குழாயும் இடத்தைத் தின்னுமே? ஒரு லிட்டர் குவளையில் பிளாஸ்டிக் குருணையை மொண்டு, ஸ்கேலால் தலை வழித்து, ஸ்பீக்கர் துளை வழியே கொட்டுவார். நிறைந்ததும் எத்தனை குவளை என்று முதுகுப் பலகையில் பென்சிலால் எழுதுவார். அளக்கும்போது பெட்டியைத் தட்டவே கூடாது. தட்டினால் குருணை அமுங்கிக் கூடுதலாகக் கொள்ளும்.

மின்ரம்ப இரைச்சலில் நின்று நின்று காது போய்விட்டது. வாயசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பார். கடையை நடத்திய மாமனார் இருந்தவரை யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடை மச்சினன் கைக்கு வந்ததும் அது தினசரி வேடிக்கையானது.

“காது கேக்காதவர் ஸ்பீக்கர் செய்ற ஒரே கடை நம்மதுதான். போர்டுல போட்டுடலாமா மாமா?”

“போடு. உன் பேரைவிடப் பெரிசா போடு.”

தச்சரின் மேசையில் தன் நண்பனை உட்காரவைக்க மச்சினனுக்கு ஆசை. “இனி ஒரு பெட்டி அளவு தப்பினாலும் நீங்க வீட்லயே இருந்துக்கலாம்” என்று அக்கா எதிரிலேயே சொல்லிவைத்தான். அக்கா, அதாவது தச்சரின் மனைவி, எதிர் மேசையில் பெட்டிகளுக்கு முகப்புத் துணி தைப்பவள்.

அடுத்து வந்தது நாற்பத்தைந்து லிட்டர் பெட்டி. டேப் கணக்கு சரியாக வந்தது. குருணை போட்டால் நாற்பத்தெட்டு குவளை கொண்டது. அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் குருணையைத்தான் நம்பினார். மூன்று லிட்டர் அளவுக்கு மரக்கட்டை அறுத்து உள்ளே ஒட்டி, முதுகில் ‘45’ என்று எழுதினார்.

மறுநாள் பெட்டியை வாங்க வந்த மேடை ஒலிக்காரர், தானும் அளந்துதான் எடுப்பேன் என்றார். நாற்பத்திரண்டிலேயே நிறைந்துவிட்டது.

“காதுதான் போச்சுன்னு நெனச்சேன். எண்ணிக்கையும் போச்சு.” மச்சினன் அவர் முகத்துக்கு நேராக வந்து, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

தச்சர் குருணையைக் கொட்டிவிட்டு, உளியால் கட்டையைப் பெயர்த்து எடுத்தார். மறுபடி அளந்தார். நாற்பத்தைந்து.

“முதல்லயே சரியாத்தானே இருந்திருக்கு! அப்புறம் எதுக்கு அந்தக் கட்டை?” என்றார் ஒலிக்காரர்.

தச்சர் பெட்டியின் அடிப்பக்கம் குனிந்து பார்த்தார். செருப்பு நுனி பட்ட கறை, ஒன்றன்மேல் ஒன்றாக. குருணை மொள்ள அவர் முதுகைத் திருப்பியபோதெல்லாம் யாரோ உதைத்திருக்கிறார்கள். காது கேட்கிறவரிடம் இது நடக்குமா?

நிமிர்ந்து மச்சினனைப் பார்த்தார். அவன் சிரித்துக்கொண்டே எதிர் மேசைப் பக்கம் திரும்பினான்.

“அக்கா, நேத்து நீ இங்கதானே இருந்தே. பெட்டிய யாராவது தொட்டாங்களா?”

அவள் ஊசியில் நூலைக் கோத்தாள். பிறகு தலை நிமிர்த்தினாள்.

“யாரும் தொடல.”

அந்த வாயசைவு அவருக்கு மிகத் தெளிவாக விளங்கியது. குவளையைக் குருணை டிரம்மின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

சாயங்காலம் அவள் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தாள்.

“ரெண்டு பேரும் வேலையில்லாம உட்கார்ந்தா...” என்று தொடங்கினாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் திறக்கவில்லை.