மீன்பெட்டி மூடியில் விரித்த லேஸ்

மாயாபந்தர் கப்பல் ஜெட்டி அலுவலகத்தில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, ஊரிலேயே லேஸ் பின்னும் குரோஷா ஊசி பிடித்த ஒரே ஆம்பளை நான்தான். மெயின்லேண்டுக்குக் கப்பலில் போகும் மூன்று நான்கு நாள் சும்மா உட்கார முடியாமல் மனைவியிடம் கற்றுக்கொண்டது. ஸ்வெட்டர் எப்போது முடியும் என்று ஜெட்டி ஆட்கள் இந்தியில் கிண்டலடிப்பார்கள். அந்தமான் புழுக்கத்தில் ஸ்வெட்டர். ஆனால் அவர்கள் வீட்டுப் பழைய லேஸ் கைக்குட்டைகள் பழுதுபார்க்க என்னிடம்தான் வந்தன. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

சுனாமிக்குப் பிறகு கார் நிக்கோபாரிலிருந்து மாற்றலாகி வந்த நாகர்கோவில் நர்ஸம்மா பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் ஒரு கைக்குட்டையைக் கொண்டுவந்தார். சுற்றிலும் கையால் பின்னிய லேஸ். ஒரு மூலை கிழிந்து, டிரங்குப்பெட்டித் துரு படிந்திருந்தது.

“எங்கம்மை பின்னுனது அண்ணே. அவியள கடல் கொண்டு போச்சு. இது ஒண்ணுதான் மிச்சம். மவ இதப் பிடிச்சுக்கிட்டுதான் மாதா கோயிலுக்குள்ள போவணும்.”

“பத்து நாள் குடுங்கம்மா. பக்கா புதுசா ஆக்கித் தர்றேன்” என்றேன்.

எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்துத் துருவை எடுத்தேன். புது நூல் பளீரென்று காட்டிக்கொடுத்தது. டீத்தண்ணீரில் நனைத்துப் பழசாக்கி மூலையைப் பின்னினேன். கடைசியாகக் கஞ்சி போட்டு, வடிவம் மாறாமல் காய வைக்க வேண்டும். தீவுக் காற்றில் குண்டூசி ஒரே நாளில் துருப்பிடிக்கும் என்பதால், எலுமிச்சை முள்ளால் குத்தி ஒரு தெர்மாகோல் மூடியில் விரித்தேன். ஜெட்டியில் கிடைத்த மீன்பெட்டி மூடி. கழுவிய மூடிதான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மனைவி அதை மோந்து பார்த்தாள்.

“பொண்ணுக்குப் பூச்செண்டு எதுக்கு? இதுவே சூரை மீனாட்டம் கமகமன்னு இருக்கே” என்றாள்.

மூன்று தடவை அலசினேன். நாற்றம் போனது, கஞ்சியும் போனது. வெளியே விடாத மழை. மறுபடி கஞ்சி போட்டால் காயாது. ஃபேனுக்கடியில் உலர்த்தி, காலையில் கோயில் வாசலில் துவண்ட துணியாகத்தான் கொடுக்க முடிந்தது. விறைப்பாக நிற்க வேண்டிய லேஸ் தொங்கியது. எனக்கு அவமானமாக இருந்தது. மணப்பெண் அதைப் பூச்செண்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

தாலி கட்டி முடிந்ததும் நர்ஸம்மா அழத் தொடங்கினார். அம்மாவைக் கடல் கொண்டுபோன கதையைக்கூடக் கண் கலங்காமல் சொன்னவர். மகள் கைக்குட்டையை நீட்டினாள். அவர் முகத்தை அதில் புதைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதார்; மூக்கையும் சிந்தினார். பத்து நாள் உழைப்பு என்று என் மனம் பதறியதை மறைப்பானேன்.

வெளியே வந்ததும் ஈரக் கைக்குட்டையை மடித்தபடி என்னிடம் வந்தார்.

“அம்மைக்க முந்தானை மாதிரி மெத்துன்னு இருந்துச்சு அண்ணே. நல்ல காலம், நீங்க கஞ்சி போடல்ல.”

போட்டதை நான் சொல்லவில்லை.