முதல் கட்டத்தில் 786

"ஆன்ட்டி, உம்மா மௌத்தாயிட்டாங்க." போனில் ஜைனம்பு லாத்தாவின் மகள் சொன்னது அவ்வளவுதான். சாவுச் செய்தியைக் கேட்டு என் தையல் கடையில் பாதி வெட்டிய ரவிக்கைத் துணியோடு நின்றுவிட்டேன். கோல சிலாங்கூர் கடைத்தெருவில் மீன் கறி சாப்பிட்ட உங்கள் எல்லோருக்கும் ஜைனம்பு லாத்தாவைத் தெரியும். கணவர் போன பிறகு அந்தச் சாப்பாட்டுக் கடையைத் தனியாக நடத்திய மனுஷி. லாத்தா என்றால் அக்கா; எனக்கும் அப்படித்தான் இருந்தார்.

நாங்கள் நெருங்கியது கம்ப்யூட்டர் வகுப்பில்தான். சிறு வியாபாரிகளுக்குக் கணக்குப் போடச் சொல்லித்தருகிறோம் என்று கடைத்தெருவில் ஒரு மாடியில் புதிதாகத் திறந்திருந்தார்கள். எங்கள் இருவருக்கும் ஒரே கம்ப்யூட்டர். நான் தட்டினால், "மெல்லத் தட்டு சரோ, இது என்ன ஒன் தையல் மிஷினா?" என்பார். கட்டங்களில் போட்ட எண்களை அதுவே கூட்டிக் கீழே காட்டியபோது, "யா அல்லா! நம்ம கடையில எவன் இப்படி ஒழுங்கா வேலை செய்யறான் லா?" என்று சிரித்தார்.

அந்த நேரம் பார்த்துக் கட்டடச் சொந்தக்காரர், மகனுக்கு வேண்டும் என்று லாத்தாவின் கடையைக் காலி செய்யச் சொன்னார். பக்கத்து ஊரான ஈஜோக்கில் ஒரு கடை இருந்தது, வாடகை அதிகம். தாங்குமா? லாத்தா ஒரு வருட வரவையும் செலவையும் மாதவாரியாக ஏற்றி, புது வாடகையையும் சேர்த்துப் பார்த்தார். லாபம் என்றது கம்ப்யூட்டர். மறுநாளே நகையை அடகு வைத்து முன்பணம் கட்டிவிட்டார்.

அடுத்த வகுப்பில் அந்தக் கணக்கைப் பெருமையோடு காட்டினார். வாத்தியார் திரையை உற்றுப் பார்த்தார்.

"எல்லா மாசத்துக்கும் மேல இது என்ன 786?"

"பிஸ்மில்லாவுக்குப் பதிலாப் போடறது சார். வாப்பா காலத்துலேர்ந்து அது இல்லாம கணக்கு ஆரம்பிக்க மாட்டோம்."

வரவின் முதல் கட்டத்தில் அது உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? மாதாமாதம் எழுநூற்று எண்பத்தாறு வெள்ளி பணம் வந்ததாகக் கூட்டிவிட்டது. வாத்தியார் அதை நீக்கியதும் லாபம் நஷ்டமாகிவிட்டது. "இன்னொரு தடவ தட்டிப் பாரு சரோ" என்றார் லாத்தா. தட்டினேன். மறுபடியும் தட்டினேன். தட்டி என்ன பிரயோஜனம்?

பின்னால் இருந்தவர் அந்த நம்பர் ராசியில்லை என்று ஏதோ சொன்னார். லாத்தா திரும்பி, "நம்பரக் குத்தம் சொல்லாத லா. அத ஒக்கார வச்ச எடம் என் தப்பு" என்றார்.

முன்பணத்தைத் திரும்பக் கேட்க இருவரும் ஈஜோக்குக்குப் பஸ் ஏறினோம். "கையெழுத்துப் போட்டாச்சு" என்று கதவைச் சாத்தினான் அந்தக் கடைச் சொந்தக்காரன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபப்பட்டு என்ன செய்ய? வேறு வழியில்லாமல் அங்கேயே கடை போட்டார். அடுத்த நோன்புப் பெருநாளுக்குள் மூடவேண்டியதாயிற்று. பிறகு உடம்பும் விழுந்துவிட்டது.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது என்னால் அடக்க முடியவில்லை. "கணக்கு மட்டும் சரியா வந்திருந்தா இந்தக் கஷ்டமே இல்ல லாத்தா" என்று அழுதேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சரியா வந்திருந்தா ஈஜோக்குக்குப் போயிருக்க மாட்டேன். பழைய கடையும் கெடையாது. அப்ப நான் எங்க போயிருப்பேன் சரோ?"

அடக்கம் முடிந்து இத்தனை நாளாகிவிட்டது. அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். தெரியலையே லாத்தா.