மக்ரிபுக்குப் பின் ஒரு ரிங்

முஜிபுர் ரகுமான் போனில் பேசத் தெரியாத மனிதர். நேரில் வாய் ஓயாது. போனைக் காதில் வைத்தால் "ம்", "சரி", "வைக்கவா", அவ்வளவுதான். ரியாத்தில் வேலை பார்த்த வருடங்களில் அவர் பிடித்துக்கொண்ட வழி மிஸ்டு கால். காரைக்குடியில் பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகை முடிகிற நேரம் பார்த்து மனைவி பர்வீன் பானுவுக்கு ஒரு ரிங் கொடுத்து அறுத்துவிடுவார். நான் நல்லா இருக்கேன் என்று அர்த்தம். பர்வீன் ஒன்று திருப்பிக் கொடுப்பாள். இங்கேயும் நல்லா இருக்கோம். அந்த வருடங்களின் குடும்பம் இப்படித்தான் நடந்தது.

திரும்பி வந்து போர்வெல் மோட்டார் பழுதுபார்க்கும் கடை போட்டார். ஒரே மகள் சபா, நிலத்தடி நீர் பற்றி மேல்படிப்புப் படிக்க டென்மார்க்குப் போகிறேன் என்றபோது சிரித்தார்.

"தண்ணி எங்க கெடக்குன்னு சொல்ல டென்மார்க்குக்குப் போகணுமாக்கும்? உள்ளங்கையில தேங்காய வச்சு நம்ம ஊரு நீரோட்டம் பாக்குற பெத்தன் சொல்லிப்புடுவானே."

"அவுக சொன்ன எடத்துல எத்தன போரு தண்ணியில்லாமப் புகைஞ்சு போச்சுன்னும் சொல்லுங்கத்தா."

"அடியே, தண்ணியில்லாம மோட்டாரு எரிஞ்சாத்தான் நமக்குச் சோறு. நீ தண்ணியக் கண்டுபிடிச்சு எங் கடைய மூடிப்புடாத."

பேச்சு இப்படி இருந்தாலும் மகளை அனுப்பிவைத்தார். ஆர்ஹூஸ் என்ற ஊர், அரசுப் பல்கலைக்கழகம். பழைய பழக்கம் திரும்ப வந்தது. பள்ளிவாசலிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்து மகளுக்கு ஒரு ரிங். அங்கே அப்போது பொழுது உச்சி சாய்ந்திருக்கும், நூலகத்தில் இருப்பாள். அழுத்திய விரலை எடுக்கும் முன்பே அறுத்துவிடுவார். சரிபார்த்த மோட்டாரையும் அப்படித்தான் போட்ட கையோடு நிறுத்துவார். உடனே சபாவிடமிருந்து ஒரு ரிங் வரும்.

பேச்செல்லாம் அம்மாவோடு, வியாழக்கிழமைகளில். பல்கலைக்கழகத்து ஆச்சரியங்களை அன்றைக்குத்தான் சொல்வாள். யாரும் வருகைப் பதிவு எடுப்பதில்லை. படிக்காமல் போனால் ஏன் என்று கேட்கவும் ஆள் இல்லை. ஒரே சமையலறையைப் பல நாட்டுப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பேராசிரியர் மழையில் சைக்கிள் மிதித்து நனைந்து வருவார். அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.

"வாத்தியாரப் பேரு சொல்லியா? நாக்கு கூசலையா ஒனக்கு?"

"மொதல்ல கூசுச்சு. பேரு சொல்லாமலே ஒரு வருஷம் ஓட்டுனேன். எதுக்க நின்னு இருமுவேன், திரும்பிப் பாப்பாரு."

இரண்டாம் வருடத்துக் கோடையில் ஆய்வேட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு இரண்டு பேர் முன்னால் நின்று அதை வாதிட்டு நிலைநிறுத்த வேண்டும். ஒருவர் அவளுடைய வாத்தியார், இன்னொருவர் வெளியிலிருந்து வருகிற பரிசோதகர். மார்க்கை அங்கேயே சொல்லிவிடுவார்கள். அதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது முஜிபுர் ரகுமான் இறந்துபோனார்.

காலைத் தொழுகைக்குப் போய் வந்தவர் நெஞ்சு அடைக்கிறது என்றார். உடம்பெல்லாம் வேர்வை. வாயுத் தொல்லை என்று எண்ணி பர்வீன் சுடுதண்ணீர் வைக்கப் போனாள். அந்த வேர்வைக்கு அடுப்படிக்குப் போகக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆட்டோ வந்தபோது உயிர் இல்லை, உடம்புதான் இருந்தது.

முஜிபுரின் தம்பி பாசில் போனை எடுத்துக்கொண்டு வந்தான்.

"மதினி, சபாவுக்கு நீங்க சொல்றீகளா, நான் சொல்லவா?"

"ரெண்டு பேரும் சொல்ல வேணாம்."

"என்ன மதினி பேசுறீக?"

"எப்ப எடுக்குறோம்?"

"சாயங்காலம் அஸர் தொழுதுட்டு."

"அவ அங்குட்டு பிளேன் ஏறக்குள்ள மண்ணுக்குள்ள வச்சிருவீக. வந்து யாரு மொகத்தப் பாக்கப் போறா? படிப்பப் பாதியில போட்டுட்டு வந்தா திரும்பப் போகமாட்டா. அவளப் பெத்தவ நான், எனக்குத் தெரியும். பரிச்ச முடியட்டும். ஒருத்தரும் ஸ்டேட்டஸ் போடக்கூடாது, சொல்லிட்டேன்."

அஸருக்குப் பின் அடக்கம் முடிந்தது. மக்ரிப் பாங்கு சொன்னார்கள். தலையணைக்கு அருகே இருந்த அவருடைய போனைப் பார்த்த பிறகுதான் பர்வீனுக்குத் தான் எதை மறந்தோம் என்பது உறைத்தது. ரிங் போகாவிட்டால் பிள்ளை அழைத்துவிடுவாள். ரேகை கேட்காத பழைய போன். திறந்து மகளின் பெயரை அழுத்தினாள். அறுக்கிற இடம் தெரியாமல் தடவி, ஒருவழியாக அறுத்தாள். கொஞ்ச நேரத்தில் போன் அதிர்ந்தது. திரையில் சபாவின் படம் சிரித்தது. இங்கேயும் நல்லா இருக்கேன்.

அன்றிலிருந்து தினமும் அதுதான் வேலை. கணவனை இழந்து இத்தா இருப்பவள், அந்த மாதங்கள் முடியும்வரை வெளியே போகக் கூடாது. பகலில் ஓதவும் சொந்தங்களுக்குப் பதில் சொல்லவும் சரியாக இருக்கும். சாயங்காலம் மக்ரிப் தொழுதுவிட்டு எழுவாள். அவர் உட்காரும் பக்கமாகக் கட்டிலில் உட்கார்ந்து, அவர் போனிலிருந்து, அவராக நின்று ஒரு ரிங். பதில் வந்து போன் மெத்தையில் அதிரும்போதெல்லாம் அவளுக்குப் பக்கத்தில் கட்டில் லேசாக அமுங்குவது போல இருக்கும். குழிக்குள் படுத்துவிட்ட மனிதரைத் தினமும் தட்டி எழுப்புகிறோமோ என்று தோன்றும். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு, கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுப்பாள். குடிக்காமல் படுத்தால் இன்னும் மோசம் என்று கண்டுகொண்டிருந்தாள்.

பாசில் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டான்.

"அண்ணன அடக்கிட்டோம். அவுக போனை மட்டும் அடக்காம வச்சிருக்கீகளே, இது நல்லதுக்கா?"

"நல்லதோ கெட்டதோ, பிள்ள படிக்குது."

வியாழக்கிழமைகளில் முகம் பார்த்துப் பேச வேண்டும். கழுத்தில் தாலியாகப் போட்டிருந்த கருகமணி இல்லை, அடக்கத்தன்றே கழற்றியாயிற்று. பொய்க்கு அதை எடுத்து மாட்ட மனம் வரவில்லை. துப்பட்டாவைக் கழுத்தோடு சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இந்த வெக்கையில என்னம்மா கழுத்தச் சுத்தி?"

"தொண்டக் கட்டு."

"அத்தா?"

"கடையில. சீசனுல்ல, மோட்டாரு எரியுற காலம்."

"சரி," என்றாள் சபா. அதற்குமேல் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் விட்டது பர்வீனுக்கு நிம்மதியாக இருந்தது.

பிறகு ஒரு புதன்கிழமை. டிரான்ஸ்பார்மர் வெடித்துக் காலையிலிருந்து கரண்ட் இல்லை. யாசீன் ஓத வந்த பெண்கள் இருட்டுகிறவரை இருந்தார்கள். விளக்கு வந்து, அவர்கள் போன பிறகு போனைத் தேடினாள். சார்ஜரில் மாட்டியபடியே செத்துக் கிடந்தது. மக்ரிப் போய், இரவுத் தொழுகை இஷாவும் போய்விட்டது. உயிர் வரவைத்துப் பார்த்தாள். அன்றைக்கு ஒரு ரிங்கும் போகவில்லை, வரவுமில்லை. போச்சு, பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது என்று உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் பர்வீனே அழைத்தாள். என்ன பொய் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தாள்.

"நேத்து கரண்டு இல்லம்மா, அத்தா போனு..."

"வந்துச்சேம்மா."

"என்னது?"

"அத்தா ரிங்கு. எப்பவும் வர்ற நேரத்துக்கு. மணியே அடிக்கல, லைட்டு மட்டும் எரிஞ்சு அணைஞ்சுச்சு. நான் திருப்பி அடிச்சேன், போகல."

பர்வீன் கழுத்துத் துணியைப் பிடித்துக்கொண்டாள். மகள் ஆய்வேடு பற்றி ஏதோ சொன்னாள், காதில் விழவில்லை. அதற்குப் பின்னும் பர்வீன் ரிங் கொடுப்பதை நிறுத்தவில்லை. ஆனால் கட்டிலில் உட்காருவதை விட்டுவிட்டாள். வாசல் நிலையில் நின்று, தெரு ஆட்களைப் பார்த்துக்கொண்டே அழுத்துவாள்.

பரீட்சை நாள் வந்தது. வழக்கமாகப் பேசும் நாள் இல்லை. வீடியோவில் அழைத்தாள் சபா. பின்னால் நீள மேசை, கேக், அதைச் சுற்றிக் குட்டிக் குட்டிச் சிவப்புக் கொடிகள். நல்ல காரியம் என்றால் அந்த ஊரில் கொடி நடுவார்கள்.

"பன்னெண்டு குடுத்துருக்காகம்மா. இதுக்கு மேல மார்க்கு கெடையாது."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் பர்வீன். சொல்ல வேண்டியதை எங்கே தொடங்குவது என்று தேடினாள். சபா கேக்கை விட்டு விலகி, ஆள் இல்லாத நடைக்கு வந்து நின்றாள்.

"அம்மா. துப்பட்டாவ எடுங்க."

"எதுக்கு?"

"எடுங்கம்மா."

எடுத்தாள். வெறுங்கழுத்து. சபாவுக்குப் பின்னால் யாரோ கதவைத் திறந்து, பார்த்துவிட்டு, மெதுவாகச் சாத்தினார்கள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. அத்தா ரிங்கு சத்தம் போடாதும்மா. லைட்டு எரியும், அணையும், அம்புட்டுத்தான். அன்னைக்கு மணி அடிச்சுச்சு. நீங்க அறுக்கத் தெரியாமத் தடவுறது கண்ணுல தெரிஞ்சுச்சு. சித்தப்பாவுக்குப் போன் போட்டேன், அவுக எடுக்கல. எடுக்காததே போதும்னு இருந்துச்சு."

"களவாணிச் சிறுக்கி. ஏன் சொல்லல?"

"வந்தா அத்தாவ அடக்குன மையவாடிக்கு வெளிய நின்னுல்ல பாக்கணும். நீங்க பொத்திப் பொத்தி வச்சத நான் போட்டு ஒடைக்கவா? நான் அடிச்சதெல்லாம் ஒங்களுக்குத்தாம்மா. நல்லா இருக்கேன்னு ஒங்களுக்குத்தான் சொன்னேன்."

பர்வீன் அழுதாள். அத்தனை வாரங்களில் முதல் தடவையாக, வாய்விட்டு. மூக்கைத் துடைத்துக்கொண்ட பிறகு பாரம் இறங்கியது போல இருந்தது. எல்லாமே ஆள் மாற்றி ஆள் சொன்ன பொய். அந்தப் புதன்கிழமையும் அதில் ஒன்று. சிரிப்புக்கூட வந்தது.

"கரண்டு இல்லாத அன்னைக்கும் ரிங்கு வந்துச்சுன்னியே. எனக்கு உசுரே இல்லடி. நான் பயந்துரக் கூடாதுன்னுதானே சொன்ன?"

சபா சிரிக்கவில்லை.

"அது ஒண்ணுதாம்மா நான் பொய் சொல்லல."

பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்து, பாங்கு தொடங்கியது.

"போன்ல இன்னும் இருக்கு. நேரம் போட்டுருக்கு. படம் எடுத்து அனுப்பவா?"

"வேணாம்," என்றாள் பர்வீன். "போயி கேக்கு சாப்புடு. காத்துக்கிட்டு இருப்பாக."

தொழுதுவிட்டு வந்து, அவருடைய போனை அணைத்து, சிம்மைக் கழற்றினாள். பாசிலிடம் கொடுத்துவிடலாம் என்று எடுத்தவள், பிறகு வேண்டாமென்று கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் வைத்தாள். அப்போது அவளுடைய சொந்தப் போன் அடித்தது. ஒரு ரிங், மணிச் சத்தத்தோடு. சபா. சத்தம் கேட்டதே போதும் என்றிருந்தது. திருப்பி ஒன்று கொடுத்தாள்.

அலமாரிப் பக்கம் பார்த்தாள். எழுந்து போய்க் கதவைத் திறந்து, அவருடைய போனைக் கவிழ்த்து வைத்தாள், திரை கீழே இருக்கும்படி.