மரக்காணத்து மேல நின்ன வெள்ளை

1. பஸ்ல வராத மழை

ஒரு சித்திரை மாசத்துப் பகல்ல, வானத்துல துண்டு மேகம்கூட இல்லாதப்போ, நாங்க உப்பு சுமக்கிறதை நிறுத்திட்டுக் குவியலை எல்லாம் தார்ப்பாய் போட்டு மூடினோம். மரக்காணம் உப்பளத்துல இன்னைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாங்க. நம்ம வாட்ஸ்அப் குரூப்புல புதுசா சேர்ந்தவங்களுக்கு அந்தக் கதை தெரியாது. எழுதிக் கொடுன்னு, குரூப்பை நடத்துற செல்வி கேட்டாள். எனக்கு அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு. தெரிஞ்ச மாதிரி எழுதுறேன்.

என் பேர் அஞ்சலை. ரொம்ப வருஷம் உப்பளத்துல கூலி வேலை பார்த்தேன். ஆம்பளைங்க பாத்தியில உப்பை வாரி ஒதுக்குவாங்க. பொம்பளைங்க நாங்க கூடையில அள்ளித் தலையில சுமந்து வரப்புல கொட்டுவோம். மழை ஒரு தடவை அடிச்சா பாத்தியில இருக்கிறதும் போச்சு, வரப்புல இருக்கிறதும் கரைஞ்சு போச்சு. அதனால மழைன்னு காதுல விழுந்தாலே எங்களுக்குக் கால் தானா ஓடும்.

அன்னைக்கு மழைன்னு சொன்னது போன். எங்க குரூப்புல ஒரு மழை மேப் லிங்க் வந்திருந்தது. எங்க கூடச் சுமக்கிற காமாட்சி அதைத் திறந்து பார்த்துட்டுக் கத்தினாள்.

"ஐயய்யோ, நம்ம மேலயே நிக்குதுடி! மரக்காணம்னு போட்டிருக்குது பாரு, அது மேல வெள்ளையா அப்பிக்கிட்டு நிக்குது!"

கூடையை இறக்கி வச்சிட்டு எல்லாரும் எட்டிப் பார்த்தோம். நிஜமாவே திண்டிவனம் பக்கம் வெள்ளை இல்ல, பாண்டிச்சேரி பக்கம் இல்ல. எங்க ஊர் மேல மட்டும் பெருசா இருந்தது.

"நம்மளத்தான் தேடி வந்திருக்குது"ன்னு செல்வி தார்ப்பாயை இழுக்க ஓடினாள். பின்னாலயே நாங்களும் ஓடினோம். வேர்த்துக் கொட்டக் கொட்ட ஒரு குவியல் விடாம மூடிட்டு, வரப்புல உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தோம். வெயில் மண்டையைப் பொளந்தது.

மத்தியானம் ஏழுமலை மேஸ்திரி வண்டியில வந்து இறங்கினார்.

"ஏம்மா, என்னா கூத்து இது? யாரு மூடச் சொன்னது?"

"மழை வருதுங்க மேஸ்திரி"ன்னா காமாட்சி.

அவர் கையை நெத்தியில வச்சு நாலு பக்கமும் பார்த்தார். "எங்கம்மா வருது? பஸ்ல வருதா?"

காமாட்சி போனை நீட்டினாள். அவர் விரலால இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தார். அப்புறம் வரப்புலயே குந்திக்கிட்டுச் சிரிக்க ஆரம்பிச்சிட்டார்.

"இந்தா பாரு, இது ஈசிஆர் ரோடு. இது கழுவெளி ஏரி. நடுவுல இருக்குதே வெள்ளை, அது மேகம் இல்லம்மா, உப்பு! வானத்துலருந்து போட்டோ புடிச்சு அதைத்தான் மேப்புக்கு அடியில வச்சிருக்கான். நீங்க கொட்டின உப்பையே பார்த்துட்டு ஓடியிருக்கீங்க."

ஆம்பளைங்க உப்பு வார்ற பலகையைப் போட்டுட்டுச் சிரிச்சாங்க. "யக்கா, நாளைக்குக் குடை புடிச்சுக்கிட்டே சுமங்க"ன்னு ஒருத்தன் சொன்னான். மேஸ்திரி சிரிச்சு முடிச்சப்புறம்தான் அவருக்குக் கோவம் வந்தது. அரை நாள் வேலை போச்சே.

"நாளையிலருந்து எவ கையிலயாவது போனைப் பார்த்தேன், வேலைக்கே வர வேணாம்."

2. குரூப்பு வந்த கதை

அந்தக் குரூப்பை ஆரம்பிச்சது செல்விதான். மகனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க அவள் ஆபீசுக்கு நடையா நடந்தாள். போறப்போ எல்லாம் அன்னைய வேலை போகும். அவள் தங்கச்சி ஆரோவில்ல ஒரு வீட்டுல சமையல் வேலை செய்யுது. அதுதான், மனு எந்த நிலையில இருக்குதுன்னு போன்லயே பார்க்கலாம்னு ஒரு வெப்சைட்டைக் காட்டினது. செல்வி டீ நேரத்துல எங்ககிட்ட அதைச் சொன்னாள். 'எனக்கும் அனுப்பு', 'எனக்கும் அனுப்பு'ன்னு கேட்டாங்க. ஒவ்வொருத்திக்கா அனுப்பி அலுத்துப் போய் 'உப்பு லிங்க்'னு வாட்ஸ்அப்புல ஒரு குரூப்பு போட்டாள்.

அப்போ பாதிப் பேருக்கிட்ட நல்ல போன் கிடையாது. மோட்டார் கொட்டாய் நிழல்ல ஒரு போனைச் சுத்திப் பத்துத் தலை இருக்கும். படிக்கத் தெரிஞ்சவ சத்தமாப் படிப்பாள். கேஸ் புக் பண்றது, பட்டா பார்க்கிறது, பசங்க ரிசல்ட், படிப்புக்கு உதவித்தொகைன்னு ஒண்ணொண்ணா வந்தது. ஒருத்திக்கு வேலை முடிஞ்சுதுன்னா எல்லாருக்கும் மிக்சர் பாக்கெட் வரும். ஈரக் கையில உப்பு ஒட்டியிருக்கும், மிக்சர் கரிக்கும். அந்த ருசி எனக்கு இன்னும் நாக்குல இருக்குது.

நான் குரூப்புல வாயே திறக்க மாட்டேன். நேர்லயே பேசக் கூச்சப்படுறவ, அங்க எப்படிப் பேசுவேன்? யார் என்ன போட்டாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுற படத்தைப் போடுவேன். அதனால எனக்குக் 'கட்டவிரல் அக்கா'ன்னு பேர் வச்சாங்க. ஆனா வீட்டுல தனியா இருக்கிற எனக்குச் சாயங்காலம் அவங்க குரல் கேட்டாத்தான் சோறு இறங்கும். அது அவங்க யாருக்கும் தெரியாது.

3. கட்டவிரல் பேசினது

மூடின உப்பைத் திறந்து மறுபடி சுமந்துட்டு வீட்டுக்கு வந்தோம். அன்னைக்குச் சாயங்காலம் குரூப்புல செல்வி குரல் வந்தது, அழுத குரல்.

"நான் குரூப்பு போட்டதாலதான் எல்லாருக்கும் அசிங்கமாப் போச்சு. வேலைக்கும் வேட்டு வந்துடும் போல. நாளைக்குக் காலையில குரூப்பைக் கலைச்சிடுறேன். யாரும் தப்பா நினைச்சுக்காதீங்க."

கட்டைவிரலைப் போடப் போனேன். போட்டா, கலைச்சிடுன்னு சொன்ன மாதிரி ஆயிடுமேன்னு கையை எடுத்துக்கிட்டேன்.

மைக்கை அழுத்தினேன், விட்டுட்டேன். மறுபடி அழுத்தினேன், மறுபடி விட்டுட்டேன். அடுப்புல சோறு பொங்கி வழியுது. பேசிட்டேன்.

"செல்வி, நான் அஞ்சலை பேசுறேன். கலைக்காத. தப்பு மேப்புல இல்ல. அந்த லிங்க்கைப் போட்டவளும் அதைத் திறந்து பார்க்கல, நாமளும் பொறுமையாப் பார்க்கல. ஒரு வெள்ளை நகராம நின்னா அது எப்படி மேகம் ஆவும்? இனிமே யார் லிங்க் போட்டாலும், அவ தொட்டுப் பார்த்து, என்ன கிடைச்சுதுன்னு வாயால சொல்லிட்டுப் போடட்டும். எழுதினா பாதிப் பேருக்குப் படிக்க வராது, குரல் எல்லாருக்கும் வரும். போனை மோட்டார் கொட்டாயில பையில போட்டு மாட்டிட்டு, டீ நேரத்துல மட்டும் எடுப்போம். மேஸ்திரிகிட்ட... மேஸ்திரிகிட்ட நானே கேக்கறேன். குரூப்பை மட்டும் கலைச்சிடாதம்மா."

அனுப்பிட்டு அடுப்பை அணைச்சிட்டு மூலையில உட்கார்ந்துட்டேன். போனைப் பார்க்கப் பயம். முதல்ல காமாட்சி குரல்தான் வந்தது.

"யக்கோவ்! உனக்கு வாய் இருக்குதா? இத்தினி நாளா எங்க வச்சிருந்த?"

அப்புறம் வரிசையா ஒவ்வொருத்தியும் ஒண்ணே ஒண்ணுதான் போட்டாங்க. கட்டைவிரல், கட்டைவிரல், கட்டைவிரல். கடைசியா செல்வியும் அதையே போட்டாள்.

மறுநாள் மேஸ்திரி முன்னால போய் நின்னேன். பின்னாலயே இவளுங்க எல்லாரும் வந்து நிக்கிறாளுங்கன்னு அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

"என்னாம்மா, இன்னைக்கும் மழையா?"

"இல்லைங்க. போனைப் பையில மாட்டிடுறோம். டீ நேரத்துக்கு மட்டும் எடுத்துக்கிறோம்"ன்னேன்.

அவர் வாயில இருந்த வெத்தலையைத் துப்பிட்டு, "பை கீழ விழாம மாட்டுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அடுத்த பருவத்துல அவரே வந்து, "என் பேரையும் அதுல போட்டுடும்மா"ன்னு செல்விகிட்ட கேட்டார். "போடறோம். ஆனா நீங்களும் வாயால சொல்லணும்"னா காமாட்சி. சொன்னார். தன் ஆத்தாவுக்குக் கண் ஆபரேஷன் எங்க பண்றாங்கன்னு போன்ல பார்த்த கதையை, திக்கித் திக்கிச் சொன்னார்.

4. இப்போ

குரூப்பு பெருசாயிடுச்சு. மீன் விக்கிறவங்க வந்தாங்க, ஆரோவில் வீட்டு வேலைக்குப் போறவங்க வந்தாங்க, வானூர் பக்கத்து வெவசாயப் பொம்பளைங்க வந்தாங்க. ஒரு குரூப்பு பத்தாம இன்னொண்ணும் போட்டாச்சு. சந்தோஷம்தான். ஆனா இப்போ லிங்க்கா வந்து விழுது. குரல் கொறைஞ்சு போச்சு. யார் போட்டாங்க, அவங்களுக்கு அதுல என்ன கிடைச்சுது, ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. ஒரு போனைச் சுத்திப் பத்துத் தலை இருந்த அந்த நிழலைத்தான் மனசு தேடுது.

முட்டி தேஞ்சு நான் வேலையை விட்டாச்சு. இப்போ செல்வி எனக்கு வேற ஒரு வெப்சைட்டைக் காட்டியிருக்கா. அதுல வானத்துலருந்து எடுக்கிற போட்டோ சில நாளைக்கு ஒரு தடவை மாறும். ஐப்பசி கார்த்திகையில எங்க உப்பளம் முழுக்கத் தண்ணியாத் தெரியும். தை கழிஞ்சா ஒரு ஓரத்துல வெள்ளை அரும்பும். பங்குனி சித்திரையில பரவிடும். எத்தனையோ வருஷம் அதைக் குனிஞ்சே பார்த்தவள், இப்போ மேலருந்து பார்க்கிறேன். வெள்ளை கூடியிருந்தா, அங்க இவளுங்க சுமந்துக்கிட்டு இருக்காளுங்கன்னு எனக்குத் தெரிஞ்சிடும்.

புதுசா வந்தவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். லிங்க்கை மட்டும் போட்டுட்டுப் போயிடாதீங்க. நீங்க திறந்து பாருங்க, என்ன கிடைச்சுதுன்னு உங்க குரல்ல சொல்லுங்க. கூச்சமா இருந்தா அடுப்புல சோறு பொங்கும்போது சொல்லுங்க, சீக்கிரம் முடிச்சிடலாம்.

நானும் அப்படித்தான் சொல்றேன். இன்னைக்குக் காலையில போட்டது இது: "நான் அஞ்சலை பேசுறேன். மேப்பைத் திறந்து பார்த்துட்டேன். நம்ம மேல வெள்ளை நல்லா நிக்குது. யாரும் மூட வேணாம்."