மேக்கு எந்தப் பக்கம்?

மேற்கு என்றால் மேலே, கிழக்கு என்றால் கீழே என்று ஒன்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். மலையில் பிறந்த பிள்ளைக்கு வேறு எப்படித் தோன்றும்? குன்னூருக்கு மேலே ஒரு டீ எஸ்டேட்டில் அப்பா ஸ்டோர் கிளார்க்காக இருந்தார். எங்கள் குவார்ட்டர்ஸ் சரிவின் நடுவில் இருந்தது. மேலே தண்ணீர்த் தொட்டி, கீழே ஃபேக்டரி. அப்பாவும் அம்மாவும் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். "மேக்கால தோட்டம்", "கெழக்கால கெணறு" என்று ஊர்க் கதை பேசுவார்கள். மேல், மேலே, மேக்கால எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். சூரியன் கிழக்கே உதிக்கும் என்று பள்ளியில் ராகம் போட்டு ஒப்பித்தது உண்மைதான். ஆனால் புத்தகத்தில் உதிக்கிற சூரியன் வேறு, எங்கள் தொட்டிக்குப் பின்னால் உதிக்கிற சூரியன் வேறு. இரண்டும் ஒன்று என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இந்த லட்சணத்தில் நான் ஒருவருக்குத் திசை காட்டினேன்.

அது நவம்பர் மாதம். மழை ஒருபக்கம், மூடுபனி ஒருபக்கம். வாசலில் நின்றால் முற்றத்துச் செம்பருத்தி கூடத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு சாயங்காலத்தில்தான் பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்கு ஃபேக்டரியின் புது எலக்ட்ரீஷியனும் அவருடைய மனைவியும் குடிவந்தார்கள். உடுமலைப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். கல்யாணம் ஆகி இரண்டு மாதம்தான். அந்த அண்ணனை நான் அன்று ஒரு தடவைதான் பார்த்தேன். இரும்புக் கட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வாசலில் எப்படி நுழைவது என்று தெரியாமல் மழையில் நின்றிருந்தார். மறுநாள் விடியும்போது எரிந்துபோன ஃபேக்டரி மோட்டாரை லாரியில் ஏற்றிக்கொண்டு, புதுக் கம்பிச்சுருள் கட்டுவதற்காகக் கோயம்புத்தூர் போய்விட்டார். அதற்கடுத்த நாள் வந்துவிடுவதாகப் பேச்சு.

அன்று காலையில் நான் எழுந்தபோது அப்பாவும் வீட்டில் இல்லை. கோயம்புத்தூருக்கு ஆபீஸ் வேலையாகப் போயிருக்கிறார், பெரியம்மா வீட்டில் தங்கி வருவார் என்று அம்மா சொன்னாள். என்னை விட்டுவிட்டுப் பெரியம்மா வீட்டு மைசூர்பாகைத் தின்னப் போயிருக்கிறாரே என்று எனக்கு ஒரே கோபம்.

மத்தியானம் அம்மா ஒரு தூக்குப் போசியில் ரசம் ஊற்றி என்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாள். அந்த அக்கா கைகால் முகம் கழுவிக்கொண்டு, முக்காட்டை இழுத்து விட்டபடி, சுருட்டிய ஒரு பாயைக் கையில் வைத்துக்கொண்டு சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்முணி, இங்க மேக்கு எந்தப் பக்கம்?"

"இதுகூடத் தெரியாதாக்கா? அதோ, தொட்டிப் பக்கம்."

அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது; தொட்டியும் இல்லை, மலையும் இல்லை.

"நல்லாத் தெரியுமா கண்ணு?"

"நான் இங்கயே பொறந்தவங்க்கா."

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அக்கா பாயை விரித்துத் தொட்டிப் பக்கம் முகம் வைத்து நின்றாள். குனிந்து, எழுந்து, நெற்றி தரையில் படத் தொழுதாள். நான் போசியைப் பிடித்தபடி வேடிக்கை பார்த்தேன். எதிரே சாமி படம் எதுவும் இல்லை, வெறும் சுண்ணாம்புச் சுவர்தான். முடித்ததும் அதைத்தான் முதலில் கேட்டேன்.

"எங்களுக்குப் படம் கெடையாது. அல்லாவுக்கு உருவமே இல்ல. அவன் ஒருத்தன்தான், எங்கயும் இருக்கறவன்."

"எங்கயும் இருந்தா எதுக்கு மேக்கே பாத்துக் கும்பிடறீங்க?"

அக்கா சிரித்தாள். "எங்க அத்தாகிட்ட நானும் இதையேதான் கேட்டேன்" என்றாள். அத்தா என்றால் அவர்கள் வீட்டில் அப்பா. மேற்கே, கடலைத் தாண்டி மக்கா என்று ஓர் ஊர். அங்கே காபா என்று ஒரு வீடு, சதுரமாக, கறுப்புத் துணி போர்த்தியிருக்கும். இப்ராகீம் நபியும் அவர் மகனும் கட்டியது. உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் எல்லோரும் அந்த ஒரு பக்கம் பார்த்தே தொழுவார்கள், அப்போதுதான் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிற மாதிரி இருக்கும் என்றாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கூரையில் டிவி ஆன்டெனா இருந்தது. காற்றில் அது கொஞ்சம் திரும்பினாலும் படம் போய்ப் புள்ளி புள்ளியாக வரும். அப்பா மேலே ஏறித் திருப்ப, நான் கீழிருந்து "வருது, வருது, போச்சு!" என்று கத்துவேன். தொழுகையும் அந்த மாதிரிதான், சரியான பக்கம் திருப்பினால்தான் போய்ச் சேரும் என்று எடுத்துக்கொண்டேன். மேற்கைக் காட்டிக் கொடுத்தவள் நான் என்பதில் கொஞ்சம் பெருமையும் வந்தது.

அடுத்த நாள் அந்த அண்ணன் வரவில்லை. சாயங்காலம் தேயிலை பறிக்கிற ஒரு பெண் குழாயடியில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "கோயமுத்தூர் ரோட்டுல, பர்லியார்ப் பக்கம் மண்ணு சரிஞ்சு போச்சாங்க. ஒரு லாரியவே இழுத்துட்டுப் போயிருச்சாம்." அம்மாவின் குடம் நிரம்பி வழிந்தது. அவள் நகரவில்லை. நான்தான் குழாயை மூடினேன். ஆபீஸ் டெலிபோன் செத்துப்போயிருந்தது. மேனேஜரான பெரிய துரை விவரம் கேட்டுவர ஓர் ஆளைக் கால்நடையாக அனுப்பியிருந்தார்.

மறுநாள் முழுவதும் அம்மா என்னைப் பக்கத்து வீட்டிலேயே இருக்கச் சொன்னாள். "பாவம், அந்த அக்கா தனியா இருக்காங்க, போய்ப் பேச்சுத் துணைக்கு இரு" என்றாள். அக்கா வேளை தவறாமல் தொழுதாள். தொழுது முடித்த பிறகும் கையேந்தியபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். துவா கேட்கிறேன் என்றாள். அண்ணன் வரவேண்டும் என்று கேட்கிறாள் என்பது எனக்கே தெரிந்தது. நடுவில் ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"உங்க அப்பா பேரு என்ன அம்முணி?"

இனிஷியலோடு சொன்னேன். ரேஷன் கார்டில் சேர்க்கவோ என்னவோ கேட்கிறாள் என்று நினைத்து, நன்றாக அழுத்தி, இரண்டு தரம் சொன்னேன்.

மற்ற நேரமெல்லாம் அவள் கதை சொன்னாள். சும்மா இருந்தால் மனம் மண்சரிவுக்கே போகும் அல்லவா. நபிகள் நாயகம் பிறக்கும் முன்பே அவர் அப்பா இறந்துவிட்டார் என்றாள். ஆறு வயதில் அம்மாவும் போய்விட்டார். வளர்ந்து, வியாபாரம் செய்து, சொன்ன சொல் தவறாதவர் என்று பெயர் வாங்கினார். ஒருநாள் மலைக் குகையில் தனியாக இருந்தபோது வானவர் வந்து "ஓது" என்றார். நாயகம் நடுங்கிப்போய் வீட்டுக்கு ஓடிவந்து, போர்த்திவிடச் சொன்னார். போர்த்திவிட்டவர் அவர் மனைவி. அவர் சொன்னதை முதன்முதலில் நம்பியவரும் அந்த மனைவிதான்.

"பொண்டாட்டிதான் மொதல்ல நம்புனாங்க, பாத்துக்க" என்று இரண்டு தடவை சொன்னாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

ஒரே இறைவன், அவன் முன்னால் அடிமையும் எஜமானும் சமம் என்று சொன்னது மக்காவின் பெரிய மனிதர்களுக்குப் பிடிக்கவில்லையாம். அடித்தார்கள், கொடுக்கல் வாங்கலை நிறுத்தினார்கள். கடைசியில் நபியும் அவரை நம்பியவர்களும் வீடு வாசலை விட்டுவிட்டு மதீனாவுக்குக் கிளம்பினார்கள். இது எனக்குப் புரியாத சங்கதியா? எங்கள் எஸ்டேட்டின் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பாதிப் பேர் சிலோனிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியவர்கள். "மதீனாவுல அவங்களுக்கு லயம் குடுத்தாங்களாக்கா?" என்று கேட்டேன். "லயமில்ல கண்ணு, அவங்கவங்க ஊட்டையே பகுந்து குடுத்தாங்க. வந்தவங்களுக்கு ஒவ்வொருத்தரா அண்ணந்தம்பி ஆயிட்டாங்க" என்றாள். பிறகு எங்கள் ரசப் போசியைப் பார்த்து, "உங்கம்மா மாதிரி" என்றாள்.

அந்த மதம் உடுமலை வரைக்கும் எப்படி வந்தது என்று கேட்டதற்கு, கப்பலில் வியாபாரத்துக்கு வந்தவர்களோடு வந்தது, தங்கள் முன்னோர்கள் குதிரைக்காரர்கள் என்று அத்தா சொல்வார் என்றாள். ஊட்டி ஏரிக்கரையில் சவாரி விடுகிறவர்களை நினைத்துக்கொண்டேன். அவர்கள் மேல் தனி மரியாதையே வந்துவிட்டது.

அன்றும் அண்ணன் வரவில்லை.

அதற்கடுத்த காலையில் மழை விட்டது. பனி கிழிந்து, நாலு நாளைக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. அம்மா ஈரக் கம்பளியைக் கொடியில் போட வெளியே வந்து, தொட்டிப் பக்கம் அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பாடி, கெழக்கால வெளுத்துருச்சு."

"அது மேக்கும்மா."

"மேக்கா? சூரியன் என்னிக்குடி மேக்கால உதிச்சுது?"

தொட்டிக்குப் பின்னாலிருந்து சூரியன் எழும்பிக்கொண்டிருந்தது. பள்ளியில் ஒப்பித்த சூரியனும் இந்தச் சூரியனும் ஒன்றே என்று அந்த நிமிஷம்தான் உறைத்தது. மூன்று நாள் தொழுகை, அத்தனை துவாவும் நேர் எதிர்ப்பக்கம் போயிருக்கிறது. கடலைத் தாண்டிப் போகவேண்டியது தொட்டியைத் தாண்டிப் போயிருக்கிறது. அண்ணன் வராததற்கு நான்தான் காரணம். நான்தான் அவரை மண்ணுக்குள் தள்ளிவிட்டேன்.

"அக்கா!" என்று அழுதுகொண்டே ஓடினேன். என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு அம்மாவும் கம்பளியைக் கையில் பிடித்தபடி பின்னாலேயே வந்தாள். அக்கா பாயில்தான் உட்கார்ந்திருந்தாள். விம்மலுக்கு நடுவே எல்லாவற்றையும் கொட்டினேன். "நான் காட்டுனது கெழக்குங்க்கா. நீங்க கேட்டது ஒண்ணும் போய்ச் சேந்திருக்காது. என்னாலதான் அண்ணன் வரல."

அக்காவின் முகம் ஒரு கணம் வெளுத்தது. கதவருகில் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்ட சத்தம் கேட்டது. அம்மா என்னை அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

அக்கா என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். ஆனால் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாக வாசலைப் பார்த்தபடியே பேசினாள். அவ்வளவு கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

"ஒண்ணும் வீணாப் போகலீங்க. மதீனாவுக்குப் போன புதுசுல நபியும் கூட இருந்தவங்களுமே மக்காவப் பாத்துத் தொழலீங்க. ஜெருசலம் பக்கந்தான் பாத்துத் தொழுதாங்க, ஒரு வருசத்துக்கு மேல. அப்புறந்தான் மக்காப் பக்கம் திரும்பச் சொல்லி உத்தரவு வந்துச்சு. ஒரு பள்ளிவாசல்ல தொழுதுட்டு இருக்கும்போதே ஒருத்தர் வந்து சேதி சொன்னாராம். அவங்க தொழுகைய உடலீங்க. நின்ன எடத்துலயே அப்படியே திரும்பிட்டாங்க."

முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"அதுக்கு முன்னாடியே, அந்தப் பக்கம் பாத்துத் தொழுதுட்டு, செத்துப்போனவங்களும் இருந்தாங்க. அவங்க தொழுததெல்லாம் என்னாகுங்கன்னு கேட்டாங்க. நம்புனது எதுவும் வீணாப் போகாதுன்னு பதில் வந்துச்சு. கேட்டது கேட்டதுதானுங்க. அவனுக்குப் பக்கம் ஏதுங்க?"

அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுதாள். நான் செய்த முட்டாள்தனத்துக்கு இவ்வளவு அழுகையா என்று இருந்தது. அக்கா எழுந்து பாயைச் சுருட்டி, எதிர்ச் சுவரைப் பார்க்க, ஃபேக்டரிப் பக்கமாக விரித்தாள். மத்தியானம் அவள் தொழுதபோது அம்மாவும் வந்து வாசற்படியோரம் உட்கார்ந்து, அதே பக்கம் பார்த்துக் கைகூப்பிக்கொண்டாள். இந்தத் தடவையாவது திசை சரிதானா என்று மேற்பார்வை பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

சாயங்காலம் கீழே ஃபேக்டரிப் பக்கமிருந்து இரண்டு பேர் முழங்கால் வரை சேறோடு ஏறி வந்தார்கள். ஒருவர் எலக்ட்ரீஷியன் அண்ணன். இன்னொருவர் என் அப்பா. அண்ணன் வந்துவிட்டார் என்று குதித்தேன். ஆன்டெனாவைத் திருப்பிய அரை நாளில் படம் வந்துவிட்டதே! அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அது எனக்கு வினோதமாக இருந்தது. பெரியம்மா வீட்டில் சொகுசாகத் தின்றுவிட்டு வருகிறவருக்கு எதற்கு இத்தனை உபசாரம்? "எனக்கு மைசூர்பாகு எங்கப்பா?" என்று கேட்டேன். அப்பா சேற்றோடு என்னைத் தூக்கிக்கொண்டார்.

பதினைந்து வருஷம் கழித்து என் கல்யாணத்துக்கு அந்த அண்ணன் தலை நரைத்து வந்தார். பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏனுங்க, அன்னிக்கு லாரில நம்ம ரெண்டு பேரும் கதை முடிஞ்சுதுன்னுதான நெனைச்சோம்" என்றார். இலையோரம் நின்றிருந்த நான், "எந்த லாரிங்கண்ணா?" என்றேன். மோட்டாருக்கு ரசீது போட அப்பாவும் அதே லாரியில் போயிருக்கிறார். திரும்பும்போது இரண்டு வளைவுக்கு முன்னால் மண் சரிந்திருக்கிறது. மண் இழுத்துப் போனது ரோட்டோரம் ஆளில்லாமல் நின்ற வேறொரு லாரியை. இவர்கள் மேட்டுப்பாளையத்துக்கே திரும்பி, கோத்தகிரி வழியாகச் சுற்றி, பாதித் தூரம் நடந்து வந்திருக்கிறார்கள்.

அப்பாவும் அந்த லாரியில் போனது அம்மாவுக்கு முதலிலிருந்தே தெரியும். என்னைப் பேச்சுத் துணைக்கு அனுப்பியதே, வீட்டில் தனியாக இருந்து அழத்தான். அக்கா அன்று சொன்ன ஜெருசலம் கதையும் எனக்காகச் சொன்னது இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் யார் "போகலீங்க", "ஏதுங்க" என்று பேசுவார்கள்? என் தலைக்கு மேலாக, கதவருகில் உட்கார்ந்திருந்தவளிடம் சொன்னது. தன் புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத இருபது வயதுப் பெண், அதே நிலைமையில் இருந்த இன்னொருத்திக்குச் சொன்ன ஆறுதல் அது.

மேற்கு என்ற சொல் மேல் என்பதிலிருந்துதான் வந்தது என்று கல்லூரியில் தமிழாசிரியர் சொன்னபோது, என் மேல் பாதித் தப்புதான் என்று தேறியிருந்தேன். பந்தியில் அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு, கல்யாணப் புடவையோடு போய் அக்காவைத் தேடினேன். அவள் அம்மாவோடு தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு எங்கப்பா பேரை எதுக்குக்கா கேட்டீங்க?"

"பேரு தெரியாம எப்படி அம்முணி துவா கேக்கறது?" என்றாள், பைக்குள் தேங்காயை வைத்தபடி.

அப்படியானால் என் அப்பாவின் பெயரும், நான் சொல்லிக் கொடுத்த இனிஷியலோடு, அந்தத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துத்தான் போயிருக்கிறது.