சித்தி பிளந்த ஊன்றுகோல்

என் ஊன்றுகோலைச் சோதித்த அளவுக்கு இந்த நாட்டில் வேறு எந்த மூங்கிலையும் யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். வெள்ளைக்காரர் ஆட்சி போட்ட அவசர காலம் அது. பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். தள்ளித் தள்ளி இருந்த தொழிலாளர் லயங்களையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் முள்வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். வெளியே போகிறவர்கள் ஒரு பிடி அரிசிகூடக் கொண்டுபோகக் கூடாது, காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். காவலுக்கு நிற்பவர்கள் பால்வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். சைக்கிள் சீட்டைக் கழற்றிக் குழாய்க்குள் கம்பி விட்டுப் பார்ப்பார்கள். என் முறை வந்தால் கோலை வாங்கி முன்னும் பின்னும் தட்டிப் பார்ப்பார்கள். அவர்கள் திருப்திப்படும்வரை நான் வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்க வேண்டும்.

மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் என் இடது கால் சூம்பிப்போயிருந்தது. அப்பா ஆற்றோரத்து மூங்கிலை வெட்டி, அக்குளில் படும் இடத்தில் பழந்துணி சுற்றி, அடியில் சைக்கிள் டயர்த் துண்டை அடித்துக் கோல் செய்து கொடுப்பார். நான் வளர வளரக் கோலும் வளர்ந்தது.

கேட்டில் பெண்களைச் சோதிக்கும் வேலையை என் சித்தியிடம் கொடுத்தார்கள். அம்மா இறந்தபின், பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு என்னை வளர்த்தவள் அவள்தான். மற்ற பெண்களின் மடியைத் தடவிப் பார்க்கிற வேலைக்கு யார் ஆசைப்படுவார்கள்? தோட்ட ஆபீஸ் கிராணி சொன்னார், மறுக்க அவளால் முடியவில்லை. அதற்குப் பிறகு குழாயடியில் யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சித்தி கேட்டில் நின்ற நாள்களில் மட்டும் என் கோலுக்கு விடுதலை. தொட்டதுபோல் தொட்டுவிட்டு, போ என்று கண்ணைக் காட்டுவாள். அது எத்தனை பேர் கண்ணை உறுத்தியது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. தோட்டப் பள்ளியில் ஏழாம் வகுப்பு முடித்து, அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்குத் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். பயிற்சி பெற்றவர் ஒருவர் வந்து நின்றால், அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்தக் காலை வைத்துக்கொண்டு ரப்பர் பாலுக்கு மரம் வெட்டவும் போக முடியாது. அதனால் ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டேன். பிழைப்புக்காக மட்டும் என்று சொன்னால் பொய். எனக்குப் படிக்க ஆசை, வெறி என்றே சொல்லலாம். மனுவில் உடலில் குறை உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. இடது கால் இப்படி, ஆனால் கோலோடு நன்றாக நடப்பேன் என்று என் கையாலேயே எழுதினேன். கோல சிலாங்கூருக்கு நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தபோது, எழுதியதைப் படித்துவிட்டுத்தானே கூப்பிடுகிறார்கள் என்று பூரித்துப்போனேன்.

போகவேண்டிய காலையில் கேட்டில் புதிதாக ஒரு வெள்ளைக்கார அதிகாரி நின்றார். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் தூக்கும் மூங்கில் கழிக்குள் அரிசி பிடிபட்டிருந்தது. எங்கள் தோட்டத்திலிருந்து யாரோ சித்தியைப் பற்றியும் சொல்லிவிட்டிருந்தார்கள். அதிகாரி என் கோலைக் காட்டி, இதை ஒரு நாளாவது திறந்து பார்த்ததுண்டா என்று கேட்டார். காவலுக்கு நின்றவர்கள் சித்தியைப் பார்த்தார்கள். அவள் கோலை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"சித்தி, இன்னிக்கு வேணாம்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காவல் கொட்டகையில் இருந்த பாராங் கத்தியை எடுத்து இரண்டே போடு போட்டாள். மூங்கில் நீளவாக்கில் பிளந்து விழுந்தது. உள்ளே உளுத்த தூள் கொஞ்சம் இருந்தது, வேறொன்றும் இல்லை. அவள் தயங்கியிருந்தால் எங்கள் இரண்டு பேரையும் லோரியில் ஏற்றியிருப்பார்கள். இந்தியாவுக்கே திருப்பி அனுப்பினாலும் கேட்க ஆள் கிடையாது. அந்த நிமிடத்திலேயே எனக்கு இது தெரியும்.

"பஸ்ஸு போயிரும். அப்பாவப் புடிச்சுக்கிட்டுப் போ" என்றாள்.

அப்பா என்னைச் சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டுபோய் பஸ் ஏற்றினார். நேர்முகம் நடந்தது மேல் மாடியில். மற்ற பெண்கள் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேற, அப்பா என்னை முதுகில் சுமந்து ஏறினார். மூட்டை மாதிரி இறக்கி வைத்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே நின்றார். அவமானமாக இருந்தது. அதைவிட, அவர் மூச்சு வாங்கியது கேட்கச் சகிக்கவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் தமிழர், நல்ல மாதிரியாகத்தான் பேசினார். அவர் முன்னால் என் மனு விரிந்து கிடந்தது. பிள்ளைகளுக்கு எதிரே உட்கார்ந்து சிலேட்டைத் திருத்தித் திருத்தி, தலைகீழாகப் படிப்பது எனக்குப் பழகிப்போயிருந்தது. கால் பற்றி நான் எழுதியிருந்த வரியின் கீழே சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு. பக்கத்தில் 'தகுதியில்லை' என்று எழுதி, அதன் கீழே முந்தின வாரத் தேதி போட்டிருந்தது. நான் இன்னும் வாயே திறக்கவில்லை. கூப்பிட்டது முறைக்காக, அவ்வளவுதான்.

"வகுப்பெல்லாம் மாடியிலதாம்மா. தங்குற எடமும் அப்படித்தான். ஒனக்குத்தான் கஷ்டம்" என்றார் அவர்.

என் கஷ்டத்தை என்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டார்கள். ஒரு வகுப்பைக் கீழே வைத்தால் என்ன என்று அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், அன்று எனக்கும் தோன்றவில்லை. சரிங்க சார் என்று எழுந்து, நாற்காலியையும் சுவரையும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஊரடங்குக்கு முன்னால் திரும்பிவிட்டோம். சித்தி கேட்டிலேயே நின்றிருந்தாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டாள்.

"கோலு இல்லாமப் போய் நின்னா எவன் எடுப்பான்?" என்றேன்.

லயத்தில் கேட்டவர்களிடமெல்லாம் அதையேதான் சொன்னேன். சித்தியை ஏச அவர்களுக்கு இன்னொரு காரணம் கிடைத்தது. எனக்குக் கோபம் மண்டிக் கிடந்தது. அதை அந்த மேசைக்காரர்களிடம் எப்படிக் கொண்டுபோய்க் காட்டுவது? அவர்கள் எட்டாத இடத்தில் இருந்தார்கள், சித்தி பக்கத்து வீட்டில் இருந்தாள். நான்காம் நாள் என் வாசலில் சித்தி ஒரு புதுக் கோலைச் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். உள்ளே ஓட்டையே இல்லாத கெட்டி மரம், நல்ல கனம். தோள் வலிக்க வலிக்க அதை ஊன்றித்தான் பள்ளிக்கூடம் போனேன். இரண்டு வருடம் கழித்துப் பயிற்சி பெற்ற ஆசிரியர் வந்தார். நான் வீட்டோடு நின்றேன்.

அவசர காலம் முடிந்து முள்வேலியைப் பிடுங்கிய அன்று, அந்தக் கம்பியில் ஒரு துண்டை எடுத்துச் சித்தி துணிக்கொடி கட்டினாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்கு நான் அதப் பொளக்காம இருந்திருந்தா ஒன்னய எடுத்திருப்பாங்களா?"

அத்தனை வருடத்தில் அவள் கேட்டது அந்த ஒரு தடவைதான். சிவப்புப் பென்சில் எழுத்து எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, தேதியோடு.

"எடுத்திருப்பாங்க சித்தி" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு, ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டாள்.